விளக்கு மாடத்தில் இன்னொருவர்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

எனக்குத் தோள்பட்டை வலி, உன் அத்தானுக்கு முழங்கால் வலி. எங்கள் இருவரிடமும் நன்றாக இருப்பதை ஒன்றுசேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும் என்கிறார். உன் இருமல் எப்படி இருக்கிறது?

ஆட்டத்தைத் தொடங்கிவிட்டேன். சனிக்கிழமை மதியம், ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்து ஓய்வறையில். உன் மேசையில் மூன்று வருஷம் ஆடியவளுக்கு, அத்தானின் மாற்றலோடு இங்கே வந்த பிறகு கை அரித்துக்கொண்டே இருந்தது. புதியவர்களுக்கு முதல் நாள் விளக்கினேன். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'எதிரே ஆறு, பாலம் உடைந்திருக்கிறது' என்று நான் சொன்னால், என்ன செய்வது என்று அவர்கள் சொல்வார்கள். அது முடியுமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும்.

"அப்ப ஜெயிக்கிறது யாரு?" என்று ஆம்புலன்ஸ் டிரைவர் கேட்டார்.

"யாரும் இல்ல."

"தோக்கிறது?"

"அது வாராவாரம் உண்டு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

புதிதாக ஓர் உலகம் கட்ட எனக்கு நேரமில்லை. பேசியபடி, ஆட்டத்துக்கு நீ உண்டாக்கிய தீவையே பங்கு போட்டுக்கொள்கிறேன்: தென்கரை உனக்கு, வடகரை எனக்கு. உன் ஆட்கள் செய்வது எனக்குச் செய்தியாக வரும், என் ஆட்கள் செய்வது உனக்கு. ஒரு மேசையில் நடந்தது இரண்டு மேசைக்கும் நடந்ததுதான். அதை அழிக்க முடியாது. தீவு விவகாரம் எல்லாம் கடிதத்தில் மட்டும். போனில் சொன்னால் நாளைக்கே 'நான் எப்ப சொன்னேன்' என்பாய்.

என் ஆட்கள்: டிரைவர், மருந்துக் கடைக்காரர், உன் அத்தான் (உப்பு வியாபாரியாம், இப்போதே எல்லோரையும் ஏமாற்றுகிறார்), பிறகு ஆஸ்பத்திரிக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். எல்லோரும் அவளை லென்ஸ் என்றுதான் கூப்பிடுவோம். தீவில் அவள் கடல் வரைபடம் வரைகிறவள். வயது நாற்பது. கடைக்கு மேல்மாடியில் தனியாக இருக்கிறாள். கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்று போன வருஷம் என்னிடம் சத்தியம் வாங்கினாய். நான் எடுக்கவில்லை. ஆடுபவர்களை அறிமுகம் செய்வது கதை சொல்பவளின் கடமை.

தென்கரைப் பாறையில் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு மாடத்துக்கு அவள் பாத்திரம் ஒரு கடிதம் எழுதியிருக்கிறது. விளக்கு ஏன் சில நாள் தாமதமாக ஏற்றப்படுகிறது என்று கேட்கிறாள். உன் கரை, உன் ஆள். பதில் போடு.

வெந்நீர் குடி.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 24

அன்பு அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, சளி மட்டும் வீட்டைக் காலி செய்ய மறுக்கிறது. அத்தானை மாடிப்படி ஏற விடாதே. லிஃப்ட் மெக்கானிக்கின் அத்தான் படியேறினார் என்றால் எனக்குத்தான் அவமானம்.

என் மேசை வழக்கம்போல் ஞாயிறு மதியம், பேக்கரிக்கு மேல். கீழே அடுப்பு எரிவதால் குளிர் தெரிவதில்லை. பேக்கரிக்காரர், வெல்டர், தபால் பிரிக்கிற பெண்மணி, மூவரும் கடற்கொள்ளைக்காரர்கள். போன வாரம் தென்துறைமுகத்தின் உப்புக் கிடங்கைக் கொளுத்திவிட்டார்கள். காரணம் கேட்டேன். "இருட்டா இருந்துச்சு, அதான்" என்றார் வெல்டர். ஆகவே இனி வடகரைக்கு உப்பு வராது. மன்னித்துக்கொள்.

விளக்குக்காரர் என்று ஒருவரை நான் யோசித்து வைத்திருக்கவே இல்லை. பதில் எழுத வேண்டியிருந்ததால் உண்டாக்கினேன். அறுபது வயது, தனி ஆள், மூட்டுவலி, படி ஏறினால் மூச்சு வாங்கும்; விளக்கு தாமதமாவது அதனால்தான். ஒரு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வரைபடக்காரி கேட்ட கேள்வி கூர்மையான கேள்வி. இத்தனை வருஷத்தில் அந்த விளக்கை யாரும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

தோளுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

உன் தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

தோள் பரவாயில்லை. நீ சளியோடு உயரத்தில் தொங்கி வேலை பார்க்காதே.

உன் வெல்டருக்கு என் மேசையின் சாபம். உப்பு இல்லாமல் வடகரையில் கலவரம். உன் அத்தான் உப்பைப் பதுக்கினார், மக்கள் பிடித்தார்கள், தப்பிக்கப் பகடை உருட்டினார், ஒன்று விழுந்தது. இப்போது சிறையில் இருக்கிறார். வீட்டுக்கு வந்தும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சாம்பாரில் உப்புக் குறைவு என்றார்.

விளக்குக்காரரின் கடிதத்தை லென்ஸிடம் கொடுத்தேன். நீ அதில் தீவின் தேதி போடுவதில்லை. என் மேசையில் அன்று என்ன நாளோ அதை நானே மேலே குறித்துவிடுகிறேன். மற்றவர்கள் இந்த மாதிரிக் காகிதங்களை மேசையிலேயே விட்டுப் போவார்கள். இவள் நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுடைய பதில் இத்துடன்.

நீ சாப்பிடுவது பேக்கரியில் மட்டும்தானா?

அக்கா


பிப்ரவரி 19

அன்பு அக்காவுக்கு,

சுகம். அத்தானுக்கு என் ஆறுதலைச் சொல்.

இங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கப்பலுக்குச் சாயம் அடித்தார்கள். எந்த நிறம் என்று சண்டை போட்டே மதியம் முடிந்தது.

விளக்குக்காரரின் பதில் இத்துடன் இருக்கிறது. நான்கு பக்கம் வந்துவிட்டது. அவள் பாறையைச் சுற்றியுள்ள நீரோட்டத்தைக் கேட்டிருந்தாள், அதைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இன்னொன்று: அவள் வரைவது எந்தக் கையால்? நிழல் விழாமல் இருக்க விளக்கை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று விளக்குக்காரர் சொல்லலாம் என்று பார்க்கிறேன். ஆட்டத்துக்காகத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். அத்தான் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டார், முழங்காலும் கொஞ்சம் மடங்குகிறது.

இடது கை.

அந்த நான்கு பக்கத்தை நானும் படித்தேன், தபால்காரி என்ற உரிமையில். முதல் கடிதத்தில் உன் விளக்குக்காரருக்கு அறுபது வயது, மூச்சு வாங்கும் என்றாய். இரண்டாவதில் எண்ணெய் டப்பாவோடு ஒரே மூச்சில் மேலே ஓடுகிறார். போன வாரம் வந்த மூன்றாவதில் நீச்சலடிக்கிறார். கடல் காற்று இவ்வளவு நல்லது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

இப்போது முக்கியமான சேதி. இரண்டு மேசையையும் ஒரே நாளில் ஒரே கூடத்தில் உட்காரவைப்போம். பாதி வழியில் இருக்கும் ஊரில், நூலகத்தின் மாடிக் கூடம் மே இருபதாம் தேதி கிடைக்கிறது. என் ஆட்கள் துள்ளுகிறார்கள். அன்றைக்கு வரைபடக்காரி படகு எடுத்துக்கொண்டு விளக்கு மாடத்துக்குப் போகப் போகிறாளாம். "நேர்ல பாத்து நாலு வார்த்தை பேசணும்" என்றாள் லென்ஸ். ஆகவே விளக்குக்காரராக நீ அவளுக்கு எதிரே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 10

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு வேலைதான் காரணம். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அத்தானும் சுகமென்று நினைக்கிறேன்.

ஒரு சேதி சொல்ல வேண்டும். விளக்குக்காரர் இறந்துவிட்டார்.

போன ஞாயிறு நடந்தது. காவல் கப்பல் ஒன்று என் ஆட்களைத் துரத்தியது. மாடத்து வெளிச்சத்தால்தான் அகப்படுகிறோம் என்று வெல்டர் கண்டுபிடித்தார். "பீரங்கியை அந்த விளக்குப் பக்கம் திருப்புறேன்" என்றார். அங்கே வயதான ஒருவர் இருக்கிறார் என்றேன். "விளக்கைத்தான்பா அடிக்கிறேன், அவரை இல்ல." அவ்வளவு தூரத்துக்கு இருபது விழுந்தால்தான் படும். எங்கள் மேசையில் எல்லாப் பகடையும் வெளிப்படையாகத்தான் உருட்டுவோம். இருபது விழுந்தது. விளக்குக்காரர் பிழைப்பாரா என்று நான் உருட்டினேன். இரண்டு.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். "என்னப்பா, சொந்தக்காரர் செத்த மாதிரி நிக்கிற?" என்றார் பேக்கரிக்காரர்.

தீவின் தேதிப்படி மழை மாதம் எட்டு. குறித்துக்கொள். நடந்தது நடந்ததுதான்.

மே மாதம் எங்கள் கம்பெனியில் எல்லா லிஃப்ட்டுக்கும் வருடாந்திரச் சோதனை. இருபதாம் தேதி வர முடியும் என்று தோன்றவில்லை. விளக்குக்காரரும் இல்லாததால் அங்கே எனக்குப் பெரிய வேலையும் இருக்காது. என் ஆட்களை அனுப்பிவைக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே உடம்பெல்லாம் நலம். மனசுதான் கொஞ்சம் சரியில்லை.

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். "இன்னொரு தடவ உருட்டச் சொல்லு" என்றார். நீ உருட்ட மாட்டாய் என்று எனக்குத் தெரியும்; நானும் கேட்கமாட்டேன். உருட்டினால் பிறகு எந்தப் பகடைக்கும் மதிப்பில்லை.

ஆனால் ஒரு வில்லங்கம். என் மேசையில் ஒரு நீளமான கடல் பயணம் போனதால் என் நாட்காட்டி உன்னுடையதைவிட முன்னே ஓடிவிட்டது. உனக்கு எழுத மறந்துவிட்டேன். விளக்குக்காரரின் கடைசிக் கடிதம், காலையில் விளக்குக் கண்ணாடியைத் துடைத்தேன், தூரத்தில் உன் கரை தெரிந்தது என்று வருமே, அது என் மேசையில் படிக்கப்பட்ட நாள் மழை மாதம் இருபது. நானே என் கையால் தேதி போட்டேன். உன் கணக்கில் அவர் எட்டாம் தேதியே இறந்துவிட்டார்.

உன் மேசையில் நடந்ததும் உண்மை, என் மேசையில் நடந்ததும் உண்மை. செத்தவர் கண்ணாடி துடைத்திருக்கிறார். இரண்டு மேசை வைத்துக்கொண்டு ஒரு நாட்காட்டியை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாத நாம் இரண்டு பேரும் ஒரு தீவைக் கட்டி ஆளுகிறோம்.

அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை நான் மேசையில் இதைச் சொல்லியாக வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீ என்ன சொல்கிறாய்?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 22

அன்பு அக்காவுக்கு,

நலம்.

அந்தக் கடிதம் கள்ளக் கடிதம் என்று சொல்லிவிடு. கொள்ளைக்காரர்கள் எழுதியதாக இருக்கட்டும். தேதியும் சரியாகிவிடும், அந்த விஷயமும் அத்தோடு முடிந்துவிடும்.

இதுவரை வந்த கடிதங்களுக்கு விளக்குக்காரர் சார்பில் நன்றி சொல். அவருக்கு அவை பெரிய துணையாக இருந்தன.

தம்பி


ஏப்ரல் 30

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கவில்லை, போன கடிதத்தின் நீளத்திலேயே தெரிகிறது.

சனிக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாடம் இடிந்தது, விளக்குக்காரர் இறந்தார், மழை மாதம் எட்டு என்றேன்.  டிரைவர், "அய்யோ, அந்தப் பெரியவரா" என்றார்.  லென்ஸ் பையைத் திறந்து எல்லாக் கடிதங்களையும் எடுத்தாள். தேதியைப் பார்த்தாள்.

"இது இருபதாம் தேதிக் கடிதம்," என்றாள்.

"கள்ளக் கடிதமா இருக்கலாம், கொள்ளைக்காரங்க வேலை," என்று நீ சொன்னதையே சொன்னேன்.

அவள் கடிதங்களை மேசையில் வரிசையாகப் பரப்பினாள். கடையில் கண்ணாடிக் கீறல் பார்க்கும் உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். மருந்துக் கடைக்காரர் டீயை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"கள்ளக் கடிதம் இல்ல. முதல் கடிதத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரே கை. வரி முடியறப்ப பேனா கீழ இறங்குது பாருங்க, எல்லாத்துலயும்."

"செத்தவர் எப்படிம்மா எழுதுவாரு?" என்றார் அத்தான்.

"செத்தவர் எழுதல. விளக்குக்காரர் எட்டாம் தேதி செத்துட்டாரு, சரி. எனக்கு எழுதினவர் இருபதாம் தேதி கண்ணாடி துடைச்சிருக்காரு. அப்ப எனக்கு எழுதினவர் சாகல. அந்த மாடத்துல இன்னொருத்தர் இருக்காரு. ஆரம்பத்துலேருந்தே அவர்தான் எழுதிட்டிருந்திருக்காரு."

"அதான் படியேறினா மூச்சு வாங்கலையா," என்றார் மருந்துக் கடைக்காரர்.

"அதான்."

"அப்ப ஏன் தன் பேருல எழுதாம கிழவர் பேருல எழுதணும்?" இது டிரைவர்.

"கூச்சமா இருக்கும்," என்றாள் லென்ஸ். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் நோயாளியிடம் எக்ஸ்ரே படத்தை நீட்டும்போது வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டேன். டாக்டர்தான் சொல்வார் என்கிற முகம்.

"படகை நிறுத்த வேண்டாம்," என்றாள். "நான் அவரைப் பாக்கத்தான் போறேன்."

மேசை ஒத்துக்கொண்டது. ஆகவே உன் மாடத்தில் இப்போது இன்னொருவர் இருக்கிறார். அவர் யார், எப்படி இருப்பார் என்பது உன் கரை விவகாரம். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இத்துடன் உள்ள உறையை அவள் கொடுத்தாள். ஒட்டியிருக்கிறது, தபால்காரிக்கும் அனுமதி இல்லை. விலாசம் 'விளக்கு மாடத்தில் இருக்கும் இன்னொருவருக்கு' என்று இருக்கிறது.

அக்கா


மே 13

அன்பு அக்காவுக்கு,

உடம்பு நலம். தூக்கம் மட்டும் சரியாக இல்லை. ஆனால் அது வியாதி மாதிரித் தெரியவில்லை.

உறை கிடைத்தது. அவள் எழுதியதை உனக்குச் சொல்லமாட்டேன். ஒரே ஒரு பக்கம்தான். ஓர் உயரமான கட்டிடத்தில், இரண்டு மாடிக்கு நடுவே நிறுத்திய லிஃப்ட்டின் கூரைமேல் உட்கார்ந்து படித்தேன். கீழே ஒருவர் 'சரியாயிடுச்சா' என்று கத்திக்கொண்டே இருந்தார்.

லிஃப்ட் சோதனைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். நான்தான் கேட்டேன். இருபதாம் தேதி வருகிறேன்.

என் ஆட்களிடம் பயணத்தைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. ஆனாலும் வெல்டர் நேற்றே என் வீட்டுக்கு வந்து, அலமாரியைத் திறந்து, "இது வேணாம், இது ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருக்கு, இதைப் போடு" என்று ஒரு சட்டையை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனார். எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியம். முன்வரிசையில் உட்கார்.

தம்பி


மே 16

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தான், தோளைத் தவிர. அது நேற்று மதியம் உன் கடிதத்தைப் படித்த பிறகு திடீரென்று அதிகமாகிவிட்டது. காரில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. இருபதாம் தேதி எனக்கு ட்யூட்டியும் போட்டிருக்கிறார்கள். வடகரைக்கான குறிப்பு முழுவதையும் அத்தானிடம் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு கரையையும் அன்று நீயே நடத்து.

அத்தானை டீக்கு வெளியே கூட்டிப்போகச் சொல்லி டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். எப்போது என்று அவருக்குத் தெரியும்.

நன்றாகத் தூங்கு.

அக்கா


மே 22

அன்பு அக்காவுக்கு,

உன் தோள் இருபத்தொன்றாம் தேதி காலையே சரியாகிவிட்டது என்று அத்தான் போனில் சொன்னார். மிகவும் சந்தோஷம். நானும் நலம்.

அத்தான் வந்து எல்லாம் சொல்லியிருப்பார். டிரைவரின் காரில் நான்கு பேர் போய் மூன்று பேர்தான் திரும்பினார்கள், ஏன் என்று புரியவில்லை என்றும் சொல்லியிருப்பார். அதனால் நான் எழுதுகிறேன்.

கூடத்தில் இரண்டு மேசையை ஒட்டிப் போட்டோம். ஒன்று ஒரு விரல் உயரம் கூட. பேக்கரிக்காரர் கொண்டுவந்த பன் அட்டைப்பெட்டியை மடித்து முட்டுக்கொடுத்தோம். லென்ஸ் கடைசியாக உள்ளே வந்தாள். அவள் அவ்வளவு உயரம் என்று நீ எழுதவே இல்லை. வணக்கம் என்றாள், வணக்கம் என்றேன், அதற்கு மேல் குறிப்பைப் புரட்டினேன். உன் கையெழுத்தில் ஒரு எழுத்தும் எனக்குத் தெரியவில்லை.

மதியம் முழுவதும் நன்றாகப் போனது. வெல்டர் அவளிடம் எழுந்து நின்று, "மேடம், நான் விளக்கைத்தான் குறி வெச்சேன். அந்தப் பெரியவருக்கு நானே கல்லறை கட்டித் தர்றேன்" என்றார். "முதல்ல மாடத்தைக் கட்டுங்க" என்றாள். அப்படித்தான் உன் கரையும் என் கரையும் சமாதானம் ஆனது. கொள்ளைக்காரர்கள் கல் சுமந்தார்கள், அத்தான் உப்பை விற்ற காசில் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். அவர் எதையும் இலவசமாகக் கொடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

மாலையில் அவள் படகு பாறையை அடைந்தது. டிரைவர், "சார், ஒரு டீ அடிச்சிட்டு வரலாம்" என்று அத்தானைக் கூப்பிட்டார். "இப்பவா? இப்பத்தானய்யா கதை சூடு பிடிக்குது," என்று அத்தான் நகர மறுத்துவிட்டார். ஆகவே எல்லோர் முன்னாலும்தான் நடந்தது.

"கதவைத் தட்டறேன்," என்றாள்.

"திறக்குது," என்றேன்.

"யாரு நிக்கறாங்க?"

"ஒருத்தர்."

"எப்படி இருக்காரு?"

நான் குனிந்து என்னையே ஒரு தரம் பார்த்துக்கொண்டேன். "சட்டை நல்லா இருக்கு," என்றார் வெல்டர். யாரும் சிரிக்கவில்லை, அவள் மட்டும் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

என்னிடம் எப்போதும் ஒரு கத்தைப் பெயர் இருக்கும், உனக்குத் தெரியும். மாலுமி, மந்திரி, காவல்காரன், யார் எதிரே வந்தாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்து வைப்பேன். அன்றும் காகிதம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் என் பெயரைச் சொன்னேன்.

"அது நம்ம மச்சான் பேரு இல்ல?" என்றார் அத்தான். இப்போது டிரைவர் அவரைக் கையைப் பிடித்தே வெளியே கூட்டிப் போனார். வெல்டரும் மற்றவர்களும் பின்னால் போனார்கள். நாங்கள் இருவரும் மேசையில் இருந்த பகடைகளைப் பொறுக்கிப் பைகளில் போட்டோம். அதற்கு இவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

கிளம்பும்போது, "நான் பஸ்ல வந்துக்கறேன்" என்று அவள் டிரைவரிடம் சொன்னாள். கார் போனது. பஸ் நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு, பாதி உடைந்தது. முதல் பஸ் வந்தது, அவள் லிஃப்ட் கம்பியைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், பஸ் போனது. அடுத்ததும் வந்தது. கண்டக்டர் இறங்கி, "ஏறுறீங்களா இல்லையா?" என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "நீங்க போங்கண்ணே," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். உங்கள் வீட்டுக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு எதிரே கண்ணாடிக் கடைக்கு. எனக்குக் கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

அத்தானுக்கும் உனக்கும் என் அன்பு.

உன் தம்பி